டெலிவரி தேதியில் பொய் சொல்லாமல் தொழில் நடத்த முடியுமா?

ஜூன் 4, மாலை 6.10 (கேள்வி)

முப்பது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு ஆறு மாதமாக நான்தான் பொறுப்பு. ஒரு பெரிய ஆர்டர் வரப் பார்க்கிறது. வேலை முடிய ஐந்து வாரம் ஆகும். மூன்று வாரம் என்று எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். போட்டியில் இருக்கும் மற்ற இரண்டு பேரும் மூன்று வாரம் என்றுதான் எழுதுவார்கள். அவர்களாலும் முடியாது, வாங்குகிறவருக்கும் அது தெரியும். உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் நாலு பேருக்காவது வேலை போகும். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்ற வசனம் கோட்டேஷனுக்கும் சேர்த்துத்தானா? எப்படிப் போனாலும் பாவம் என்றுதான் படுகிறது. தொழிலில் இருக்கும் விசுவாசிகள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், நிறைய கேட்டுவிட்டேன்.

ஜூன் 4, இரவு 9.40

அட்டைப்பெட்டி செய்யும் யூனிட் நடத்துகிறேன். 19 வருடம் ஆகிறது, 42 பேர் இருக்கிறார்கள்.

கோட்டேஷனுக்கும் சேர்த்துத்தான். ஐந்து வாரம் என்றே எழுதுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மொத்தச் சரக்கும் ஒரே நாளில் தேவைப்படுகிற ஆள் அபூர்வம். எந்தத் தேதியில் சரக்கு இல்லாவிட்டால் அவருடைய லைன் நின்றுபோகும், அன்றைக்கு எத்தனை இருந்தால் ஓட்டிவிடுவார் என்று கேளுங்கள். மூன்றாம் வாரம் இவ்வளவு, நாலாம் வாரம் இவ்வளவு, ஐந்தாம் வாரம் மீதி என்று பிரித்து எழுதுங்கள். எங்களுக்குப் பாதி ஆர்டர்கள் இப்படித்தான் வந்தன.

வாங்குகிறவருக்குத் தெரிந்த பொய் பொய்யே இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பேரம் பேசுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். அவருக்குக் கீழே ஸ்டோர்ஸில் இருக்கும் ஆளுக்குத் தெரியாது. அவர் உங்கள் பேப்பரில் இருக்கிற தேதியை நம்பித்தான் லோடிங் ஆட்களை வரச் சொல்வார்.

ஜூன் 4, இரவு 11.55

படுத்தும் தூக்கம் வரவில்லை. ஒன்றைக் கேட்க விட்டுவிட்டேன். மூன்று வாரம் என்று எழுதிக் கொடுத்து நாலாம் வாரம் போன் வரும்போது, அதை எடுக்கப்போவது யார்? நீங்களா?

ஜூன் 5, காலை 5.30

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எழுதிவிடுகிறேன்.

தொழில் தொடங்கி ஐந்தாறு வருடம் இருக்கும். முன்பக்க மேஜையில் ஒரு பெண் இருந்தாள். போன் எடுப்பது, சலான் போடுவது, கடிதம் டைப் செய்வது எல்லாம் அவள்தான். சரக்குத் தாமதமான நாட்களில் கஸ்டமர் கூப்பிட்டால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கையை ஆட்டுவேன். "மேடம் வெளியே போயிருக்காங்க" என்று அவள் சொல்வாள். நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லை என்றுதான் அப்போது நிஜமாகவே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். ஐந்து நொடி, பத்து நொடி இருக்கும். நான் மறுபடி கையை ஆட்டினேன். சொன்னாள். அடுத்த மாதம் தன்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். தூசி, பசை வாடை, மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத இடம். ஏன் அங்கே கேட்கிறாள் என்று புரியாமலே மாற்றிவிட்டேன். ரொம்ப நாள் கழித்து, எங்கள் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அண்ணன்தான் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குப் போன் மணி அடித்தாலே கை நடுங்கும், மேடம்."

அவள் கிறிஸ்தவள் இல்லை. என் மனச்சாட்சி சுத்தமாக இருக்கட்டும் என்று, மாதச் சம்பளத்துக்கு வந்த இன்னொருத்தியின் மனச்சாட்சியை நான் செலவழித்தேன். எனக்குத் தெரிந்தவரை, நம்மைப்போன்ற பொறுப்பில் இருப்பவர்களின் முக்கியமான சோதனை இதுதான். நேராகப் பாவம் செய்ய நமக்கு அவசியமே வராது. கீழே ஆள் இருக்கிறது.

ஜூன் 5, மதியம்

நேற்றிரவு எழுதியதில் ஒரு திருத்தம். "பாதி ஆர்டர்கள் இப்படித்தான் வந்தன" என்று எழுதினேன். மற்றப் பாதி வரவில்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

ஒருமுறை உண்மைத் தேதியைக் கொடுத்துப் பெரிய கஸ்டமர் ஒருவரையே இழந்தேன். நாலு மாதம் ஓவர்டைம் நின்றது. ஓவர்டைமை நம்பிக் கடன் கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் எங்களிடம் இருந்தார்கள். ஒரு நல்ல பிரின்டிங் ஆபரேட்டர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். ஒரு கதவு அடைபட்டது, ஆண்டவர் இன்னொரு கதவைத் திறந்தார் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். அந்தக் கஸ்டமர் திரும்பி வரவேயில்லை. அவர் இடத்தில் வேறு யாரும் உடனே வரவும் இல்லை. உண்மை சொன்னதற்கான விலையில் பெரும்பங்கு என் பாக்கெட்டிலிருந்து போகவில்லை, அவர்கள் ஓவர்டைமிலிருந்து போனது. அதை இப்போது செய்வதாக இருந்தால், அந்த நாலு மாதமும் என் சம்பளத்தைத்தான் முதலில் நிறுத்துவேன். அப்போது அது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

கேள்வி கேட்டவர் இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஜூன் 6

லூக்கா 16-ஐக் காட்டி ஒருவர் எழுதியிருக்கிறார். அநீதியுள்ள உக்கிராணக்காரனை (எஜமானின் சொத்தை நிர்வகித்தவன்) எஜமான் மெச்சினாரே, தொழிலில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டாமா என்று.

சாமர்த்தியம் வேண்டும். அந்த உவமையை நானும் அப்படியே படித்துக்கொண்டிருந்தேன். நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தால், இத்தனை வருடம் கண்ணில் படாத ஒன்று பட்டது. கணக்கைத் திருத்தும்போது அவன் தன் கையால் எழுதவில்லை. நூறு குடம் எண்ணெய் கடன்பட்டவனிடம் சீட்டைக் கொடுத்து, உட்கார்ந்து சீக்கிரமாய் ஐம்பது என்று எழுது என்கிறான். நூறு கலம் கோதுமைக்காரனிடம் எண்பது என்று எழுதச் சொல்கிறான். எழுத்து கடன்காரனுடையது. இயேசு எதை மெச்சச் சொன்னார் என்பதில் பெரிய பெரிய வியாக்கியானங்கள் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஆபீஸ் நடக்கும் விதம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 6, இரவு

லஞ்சம் பற்றிக் கேட்டவருக்கு. நான் கொடுத்ததில்லை. இந்த வரியை எத்தனையோ கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு ஏஜென்ட் இருந்தார். லைசென்ஸ், புதுப்பித்தல், இன்ஸ்பெக்ஷன் எல்லாம் அவர் பொறுப்பு. பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரே வரி இருக்கும். ஒரு வருடம் அது இரண்டு மடங்காக வந்தது. எதற்கு என்று அக்கவுன்ட்ஸ் அண்ணன் கேட்டார். "கேட்க வேண்டாம், போட்டுவிடுங்கள்" என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்ததே பதில்.

1 இராஜாக்கள் 21-ஐப் பாருங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டம் அரண்மனைக்குப் பக்கத்து நிலம். ராஜா ஆகாப் விலை பேசினான், மாற்று நிலம் தருவதாகவும் சொன்னான். அதுவரை ஒழுங்கான வியாபாரம். கிடைக்கவில்லை என்றதும் போய்ப் படுத்துக்கொண்டான், சாப்பிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேறு எதுவும் செய்யவில்லை. கடிதம் எழுதியது அவன் மனைவி யேசபேல். ஆகாபின் பெயரில் எழுதி, அவன் முத்திரையைப் போட்டாள். பொய்ச்சாட்சி சொன்னது வேறு இரண்டு பேர். நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றது ஊர் ஜனம். ஆனால் எலியா தீர்க்கதரிசியை ஆண்டவர் அனுப்பியது ஆகாபிடம். "நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ" என்று கேட்கச் சொல்லி அனுப்பினார்.

முத்திரை யாருடையதோ அவரைத்தான் கேட்கிறார். எங்கள் கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்ப் முன்பக்க மேஜை டிராயரில்தான் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்தலாம். அதை வாசித்த மறுநாள் எடுத்து என் டிராயரில் வைத்தேன்.

அந்த ஏஜென்டை நிறுத்தினோம். அதற்கப்புறம் ஒரு லைசென்ஸ் புதுப்பிக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஜூன் 7

"மேலிருந்து வரும் உத்தரவுக்குக் கீழே இருப்பவன் என்ன செய்வான்?" என்ற கேள்வி நியாயமானது. இதுவரை நான் முதலாளி பக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்டவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார்.

ஜான் உல்மன் என்று ஒருவர். குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், 1720-ல் பிறந்தவர். அமெரிக்காவில் நியூஜெர்சிப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். கடை முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுது என்றார். வாங்க வந்தவரோ அவர்கள் சபையிலேயே வயதான ஒரு மனிதர், எதிரே காத்துக்கொண்டு நிற்கிறார். உல்மனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வருடச் சம்பளத்துக்கு இருக்கிறோம், சொல்வது முதலாளி, வாங்குவது சபையார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது என்று இரண்டு பேர் முகத்துக்கு நேரேயும் சொல்லத்தான் செய்தார். சொன்னது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆனால் போதவில்லை. எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கூடவே வந்தது. அதற்கப்புறம் யார் கேட்டும் அப்படிப்பட்ட சீட்டை எழுதவில்லை. அடிமைகளைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் உயில்களை எழுதவும் மறுத்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நான் உல்மனாக இருக்கத்தான் ஆசைப்படுவேன். எங்கள் கட்டடத்தில் உல்மன் முன்பக்க மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று, எழுது என்று சொன்ன ஆள்.

ஜூன் 7, மாலை

ஒருவர் எழுதியதை வாசித்துச் சிரித்தேன்: "சகேயு இந்தக் காலத்தில் இருந்திருந்தால் ஆடிட்டர் அவரை மரத்திலிருந்து இறங்கவே விட்டிருக்க மாட்டார்." வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரர் சகேயு, அவர் சொன்ன கணக்கைப் பாருங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்ப. இரண்டும் வேறுவேறு தலைப்பு. தர்மம் செய்து பழைய பாக்கியைச் சரிக்கட்ட அவர் பார்க்கவில்லை. அடுத்து எழுதப்போவதற்கு இது வேண்டும்.

ஜூன் 8

எழுதக் கஷ்டமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு நூல், ஸ்டிச்சிங் கம்பி, பசை மாவு எல்லாம் சின்ன சப்ளையர்கள் தருகிறார்கள். அதில் ஒரு பெரியவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தே தருவார். பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம் என்பது பேச்சு. என் பெரிய கஸ்டமர்கள் எனக்கு 90 நாளில் தருகிறார்கள், அதனால் நானும் அவருக்கு 90 நாள் ஆக்கினேன். நான் ஆக்கினேன் என்பதுகூடச் சரியில்லை, அக்கவுன்ட்ஸ் அண்ணன் வாயால் சொல்ல வைத்தேன். மூன்றாம் முறை வந்தபோது பெரியவர் உள்ளே வரவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஸ்டாண்ட் போட்டால் நேரமாகிவிடும் என்பது போல. அண்ணன் வெளியே போய் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மாதத்தின் முதல் தேதி. சபைக்குக் கொடுக்கும் தசமபாகக் கவரை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) அன்று காலையில்தான் அனுப்பியிருந்தேன். ஒரு மாதமும் பிந்தியதில்லை.

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. உபாகமம் 24-ல் இன்னும் கடுமையாகவே இருக்கிறது. பொழுது போவதற்கு முன்னே கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாக இருக்கிறான், கொடுக்காவிட்டால் உன்னைக் குறித்துக் கர்த்தரை நோக்கி முறையிடுவான். யாக்கோபு 5:4-லோ பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியை விட்டுவிட்டீர்கள் என்று பரிசேயரைப் பார்த்துச் சொன்னதை ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்ததில்லை.

இப்போது சின்ன சப்ளையர்களுக்கு 15 நாள். பெரிய பேப்பர் மில்லுக்குத்தான் தாமதம், அவர்களிடம் வங்கி இருக்கிறது. வங்கி வட்டி எனக்கு ஏறத்தான் செய்கிறது. அந்த வட்டியை முன்பு அந்தப் பெரியவர்தான் எனக்குப் பதிலாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 8, இரவு

"அப்படியானால் தசமபாகத்தை நிறுத்தவா சொல்கிறீர்கள்?" இல்லை. இவைகளையும் செய்ய வேண்டும், அவைகளையும் விடாதிருக்க வேண்டும் என்று அதே வசனத்திலேயே இருக்கிறது.

ஜூன் 10

"கூடவே இருந்து மாற்றலாமே, விலகிப் போவது சுலபம்" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக அதை யோசித்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேட்பரி கதையையும் பாருங்கள். குவாக்கர் குடும்பம். 1879-ல் பர்மிங்காமுக்கு வெளியே போர்ன்வில்லில் தொழிற்சாலை கட்டினார்கள், 1895-லிருந்து சுற்றிலும் தோட்டத்தோடு வீடுகள். முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது, அது பொய்யும் இல்லை. 1901-ல் சாவோ தோமே தீவிலிருந்து வரும் கோக்கோ அடிமை உழைப்பில் விளைகிறது என்ற செய்தி அவர்கள் காதுக்கு வந்தது. போர்ச்சுக்கீசிய ஆட்சியில் இருந்த தீவு அது. விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களும் விலை போட்டு எழுதப்பட்டிருந்தார்கள். கேட்பரிகள் சும்மா இருக்கவில்லை. விசாரித்தார்கள், அரசாங்கங்களோடு பேசினார்கள், நேரில் பார்த்து வர ஆள் அனுப்பினார்கள். வாங்குவதை நிறுத்தினால் செல்வாக்கும் போய்விடும் என்று வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். நிறுத்தியது 1909-ல்.

அதற்குள் ஒரு செய்தித்தாள் குத்திக்காட்டி எழுத, இவர்கள் அவதூறு வழக்குப் போட்டார்கள். அதே 1909-ல் தீர்ப்பு வந்தது. ஜெயித்தார்கள். ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், ஒரு பென்னியில் கால் பங்கு.

அந்த எட்டு வருடத்தைப் பற்றி என்னால் கல்லெறிய முடியாது. அவர்கள் இடத்தில் நான் பதினெட்டு வருடம்கூட எடுத்திருப்பேன். ஆனால் கண்ணெதிரே இருந்த தொழிலாளிக்கு வீடும் தோட்டமும், கடல் தாண்டி இன்னொருவன் கைக்குக் கீழே இருந்தவனுக்குக் கமிட்டி. என் 42 பேருக்கு நான் நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் வாசலில் சைக்கிள் நின்றது.

கூடவே இருந்து மாற்றப்போகிறேன் என்கிறவர்கள் எத்தனை நாள் என்று ஒரு தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு யோசனை வரவில்லை.

ஜூன் 11

காலை ஜெபம் பற்றி. ஷிப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் எல்லோரும் நின்று ஜெபிப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. அதுதான் என் சாட்சி என்று நினைத்திருந்தேன். வேறு மதத்தவர்களும் நிற்பார்கள், யாரும் குறை சொன்னதில்லை. சம்பள உயர்வு நான் போடுகிறேன், யார் குறை சொல்வார்கள்? இப்போது ஷிப்டுக்கு அரைமணி முன்னால், விருப்பப்பட்டவர்கள் மட்டும். முதல் வாரம் இரண்டு பேர் வந்தோம். எனக்கு அழுகையே வந்தது. இப்போது ஐந்தாறு பேர் வருகிறார்கள். வராதவர்கள் யார் என்று நான் எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், அது இன்னும் முழுசாக வரவில்லை.

ஜூன் 13

ஆட்குறைப்பு பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஆறு பேரை நிறுத்த வேண்டி வந்தது. ஐந்து பேரிடம் மேனேஜரைச் சொல்லச் சொன்னேன். ஆறாமவர் ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவர், அதனால் நானே கூப்பிட்டேன்.

"ரொம்ப ஜெபம் பண்ணித்தான் இந்த முடிவை எடுத்தேன்" என்று ஆரம்பித்தேன்.

அவர் கத்திரியை மேஜைமேல் வைத்தார். அட்டை வெட்டும் பெரிய கத்திரி, கைப்பிடியில் துணி சுற்றி வைத்திருப்பார், அவர் கைக்குத் தகுந்தபடி. கொஞ்ச நேரம் அந்தத் துணியையே பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ ஆண்டவரும் என்னைப் போகச் சொல்லிட்டாரா மேடம்?"

அவர் எங்கள் சபைக்காரர். எனக்கு ஒன்றிரண்டு வரிசை தள்ளி உட்காருகிறவர். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஜெபித்தது உண்மை. ஆனால் ஆண்டவர் எனக்குப் பெயர்ப் பட்டியல் தரவில்லை. பட்டியல் நான் போட்டது. எந்த மெஷினை நிறுத்துவது என்று கணக்குப் பார்த்துப் போட்டது. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் அவர் நாமத்தை முன்னால் நிறுத்தினேன். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்பதைக் கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பது என்றுதான் சிறுவயதில் படித்தேன். முன்பக்கப் பெண்ணை, ஏஜென்டை, அக்கவுன்ட்ஸ் அண்ணனை, மேனேஜரை முன்னால் நிறுத்திய பழக்கம் கடைசியில் அங்கே போய் நின்றது.

"இல்ல, நான்தான் முடிவு பண்ணினேன்" என்று சொன்னேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன். அவர் துணியை மறுபடி சுற்றிவிட்டுக் கத்திரியை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். எடுத்துப் போனார். அவர் இப்போது வேறு சபைக்குப் போகிறார்.

ஜூன் 14

மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து எஜமான் கூலி கொடுக்கச் சொல்வது காரியக்காரனிடம். பிந்தினவன், முந்தினவன் எல்லோருக்கும் ஒரே பணம் என்பது எஜமான் எடுத்த முடிவு. முறுமுறுப்பு வந்ததும் பதில் சொல்கிறது யார்? எஜமான் தானே நேரில், "சிநேகிதனே" என்று கூப்பிட்டு, காரணத்தோடு சொல்கிறார். காரியக்காரனை மாட்டிவிடவில்லை. அந்த வரிக்காகவே அந்த உவமை எனக்கு இப்போது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஜூன் 17

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பிரித்து எழுதிக் கொடுத்தாராம். பாதி ஆர்டர் அவருக்கு, பாதி போட்டிக்காரருக்கு. அவருடைய முதலாளிக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. அந்தக் கோபத்தை நானே தாங்கிக்கொண்டு, கோட்டேஷன் டைப் செய்த பையன் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன்.

ஜூன் 21

முன்பக்க மேஜையில் இருந்த பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எங்களைவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போனில் பொய் சொல்ல வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "போன் பரவாயில்லை மேடம். எனக்கு அந்த சர்டிபிகேட்தான்" என்றாள்.

எந்த சர்டிபிகேட் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்.

ஜூன் 22

பரணிலிருந்து பழைய ஃபைலை இறக்கிப் பார்த்தேன்.

பெட்டியின் அட்டை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று ஒரு சோதனை உண்டு. அட்டைத் துண்டை மெஷினில் இறுக்கினால் அடியிலிருந்து ரப்பர் உப்பி மேலே தள்ளும். பட்டென்று கிழியும். கிழிந்த இடத்தில் முள் நிற்கும். கஸ்டமர் கேட்டது சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. டெஸ்ட் ரெஜிஸ்டரில் பென்சிலால் 9.1, 9.3, 8.9 என்று இருக்கிறது, மூன்று லாட். ஈரக்காற்று நாட்கள், காகிதம் ஈரத்தை இழுத்தால் பலம் குறையும். சர்டிபிகேட்டில் மூன்றுக்கும் 10.2. கீழே அவள் கையெழுத்து. "10.2 போட்டுக் கையெழுத்துப் போடும்மா, காய்ந்தால் சரியாகிவிடும்" என்று நான் சொன்னேனாம். சொல்லியிருப்பேன். என் பேச்சுதான் அது.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்பதை எங்கள் எடை மெஷின்மேல் நானே ஒட்டி வைத்திருந்தேன். இரண்டடி தள்ளி இந்த மெஷின்.

ஜூன் 25

கஸ்டமருக்கு எழுதிவிட்டேன், மூன்று லாட் நம்பரோடு. அங்கே பர்சேஸில் இருப்பவர் புதியவர். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியதை ஏன் இப்போது எழுதுகிறீர்கள், ஏதாவது பிரச்சினையா என்று கூப்பிட்டார். போனை நான்தான் எடுத்தேன். சொன்னேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இனிமேல் எங்களிடம் வாங்குவார்களா என்று தெரியவில்லை, மாதத்தில் கால்வாசி வேலை அவர்களுடையது. ஷிப்ட் சூப்பர்வைசர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், யாரும் திடீரென்று கேள்விப்பட வேண்டாம்.

நாலத்தனையாகத் தருவீர்களா என்று இங்கே யாராவது கேட்பீர்கள். அவ்வளவு என்னிடம் இல்லை. 10-க்கும் 9-க்கும் உள்ள பேப்பர் விலை வித்தியாசத்தை அண்ணனும் நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அதை மூன்று தவணையாகக் கிரெடிட் நோட் போட்டுத் தருவதாக எழுதியிருக்கிறேன். என் சம்பளத்திலிருந்து. அந்த சர்டிபிகேட் நகல்கள் மூன்றிலும் "தவறான அளவு, என் உத்தரவில் எழுதப்பட்டது" என்று குறித்துக் கையெழுத்துப் போட்டு, ஒரு செட்டை அவளுக்கும் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததாக இன்னும் சொல்லவில்லை.